ஓதும் வட்டமும் பூட்டிய கதிரையும்
உயர்கல்வியில் மொழி கற்ற இடங்கள் பற்றிய ஒரு வரலாற்றுப் பார்வை

பெருநாள் லீவுக்கு வந்திருந்த பழைய மாணவி ஒருத்தி, கீரியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பேசிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். உயர்தரத்தில் தமிழுக்கு நல்ல பெறுபேறு எடுத்தவள். "இங்கிலீஷ் எப்பிடி மகள் போகுது?" என்று கேட்டேன்.

"டீச்சர், ரெண்டு வருஷமா அந்த வகுப்புல நான் ஒரு வசனமும் பேசல்ல."

"ஏன்?"

"எங்க பேசுற? நூத்துக்கும் மேல ஆள். கதிரையெல்லாம் ஒண்டோட ஒண்டு பூட்டியிருக்கு. எழும்பி நிண்டா முழு மண்டபமும் திரும்பிப் பாக்கும். பிழை விட்டா அவ்வளவுதான். பேசாம இருக்கிறது நல்லம்."

வழமையாக நாம் இதற்கு மூன்று காரணங்கள் சொல்வோம். பிள்ளைக்குக் கூச்சம், ஆசிரியர் சரியில்லை, பாடத்திட்டம் பழையது. அவளோ கதிரையைப் பற்றித்தான் முறைப்பட்டாள். அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது, நான் மொழி கற்ற இடங்கள் ஒவ்வொன்றும் கண்முன் வந்தன. உம்மம்மாவின் உள்ளறை, கற்பிட்டியில் ஒரு கிடுகுக் கொட்டில், வளாகத்தில் எப்போதும் பூட்டிக்கிடந்த ஒரு மொழிக்கூடம். நமது சமூகத்தின் கல்வி வரலாற்றை எழுதியவர்கள் தலைவர்களையும் நிறுவனங்களையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்த நிறுவனங்களுக்குள் மொழி கற்றவர் எங்கே இருந்தார், யாருடைய முகத்தைப் பார்த்தார், பிழை விட்டால் யார் காதில் விழுந்தது என்ற கேள்விகளை அதிகம் பேர் கேட்டதில்லை. இக்கட்டுரை அவற்றைக் கேட்டுப் பார்க்கும் ஒரு சிறு முயற்சி.

இரைச்சல் ஒரு திரை

நம் எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளைகள் பாயில் அரைவட்டமாக இருப்பார்கள். ஒருத்தி அலிப், பே படிப்பாள். பக்கத்தில் இருப்பவள் அம்ம ஜுஸுவில் நிற்பாள். இன்னொருத்தி யாஸீன் ஓதுவாள். எல்லோரும் ஒரே நேரத்தில் உரத்துத்தான் ஓதுவார்கள். வெளியே இருந்து கேட்பவருக்கு அது வெறும் இரைச்சல். ஆனால் அந்த இரைச்சலுக்குள் ஒரு வசதி இருக்கிறது. என் பிழை என் பக்கத்துப் பிள்ளைக்குக் கேட்காது, அவளுக்கு அவளுடைய பாடம். முறை வந்து ஓதிக்கொடுப்பவரின் முன்னால் இருக்கும்போதுதான் என் ஹாவும் ஐனும் சோதிக்கப்படும். அந்தச் சோதனையும் இரண்டு முழ தூரத்தில், முகத்துக்கு முகம் நடக்கும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான். மணலில் எழுதிப் பழகுவது, உரத்துச் சொல்வது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேகத்தில் பாடம். இவற்றைப் பிற்போக்கான முறை என்று எழுதியவர்கள் பலர். மனனத்தையே நம்பியிருந்தது அவற்றின் குறைதான். ஆனால் வாய்க்குப் பயிற்சி கிடைத்த நேரத்தைக் கணக்கிட்டால், இன்றைய மண்டப வகுப்பு அதற்குக் கிட்டவும் வராது. நூறு பேர் இருக்கும் ஒரு மணித்தியால வகுப்பில், ஆசிரியர் வாயே திறக்காமல் இருந்தாலும் ஒருவருக்குக் கிடைப்பது அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட.

உயர்கல்வி என்று போனாலும் நம் மரபு வட்டத்தை விட்டுவிடவில்லை. கெய்ரோவின் அல் அஸ்ஹர் பள்ளி 970 முதல் 972 வரை கட்டப்பட்டது. அங்கே நூற்றாண்டுகளாகப் பாடம் நடந்தது தூண்களின் அடியில். ஒரு ஷெய்க் ஒரு தூணடியில் இருப்பார், மாணவர் அவரைச் சுற்றி வட்டமாக இருப்பர். ஒரு தூணில் பாடம் விளங்காவிட்டால் எழும்பி அடுத்த தூணுக்குப் போகலாம். மாணவர் தங்குவதற்கு ரிவாக் என்ற விடுதிப் பகுதிகள் இருந்தன. துருக்கியருக்கு ஒன்று, ஷாம் நாட்டவருக்கு ஒன்று, மக்ரிபியருக்கு ஒன்று, ஜாவா நாட்டவருக்கு ஒன்று. தூணடியில் அறபு, ரிவாக்கில் தாய்மொழி. புதிதாக வந்தவன் பகலில் விளங்காததை இரவில் தன் ஊரவனிடம் தன் மொழியில் கேட்டுத் தெளியலாம். கற்கும் மொழிக்கு ஓர் இடமும், அதற்குத் துணைநிற்கும் மொழிக்கு இன்னோர் இடமும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன.

இலங்கையில் 1884 இல் வெலிகமையில் பாரி அறபு மத்ரஸா தோன்றியது. அதற்கு முன்னும் பின்னும் நம் ஆலிம்கள் கடல் கடந்து கீழக்கரைக்கும் காயல்பட்டினத்துக்கும் வேலூருக்கும் போய் ஓதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கைக்கு வந்து போனதும், அறபுத்தமிழில் எழுதியதும் நாம் அறிந்தவை. அறபுத்தமிழையும் ஓர் 'இடம்' என்றே நான் பார்க்கிறேன். பள்ளியின் தூணடிக்கு வரமுடியாத பெண்களுக்கு அது வீட்டின் உள்ளறையைக் கல்விக்கூடமாக்கியது. என் உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராது. அறபெழுத்தில் உள்ள தமிழ்க் கிதாபை மடக்குப் பலகையில் வைத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வாசித்து விளக்குவா. அவ வாசிக்க நாங்கள் சுற்றியிருந்து கேட்போம். நான் முதன்முதலில் நீண்ட தமிழ் வசனங்களைக் கேட்டது அந்த அறையில்தான்.

மன்னாரில் ஒரு போர்த்துக்கேயர்

மொழி கற்கும் இடம் என்ற விடயத்தில் நமது மன்னாருக்கும் ஒரு பங்குண்டு. 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினர். எதிர்க்கரையின் புன்னைக்காயலில் இருந்த பரதவர் சிலரும் அப்போது பாதுகாப்புத் தேடி இங்கே குடியேறினர். அவர்களோடு வந்தவர் அன்றிக் அன்றீக்கஸ் (1520–1600) என்ற யேசுசபைக் குரு. 1560 களின் தொடக்கத்தில் சில வருடங்கள் அவர் மன்னாரில் இருந்தார். போர்த்துக்கேய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதியவர். 1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடையது.

மத நோக்கம் அவருடையது, அதை நாம் ஒருபக்கம் வைத்துவிடலாம். அவர் தமிழ் கற்ற முறைதான் இங்கே நமக்கு வேண்டியது. கரையோரத்துச் சனங்களோடு இருந்து கேட்டுக் கேட்டுக் கற்றார். பின்னர் தன்னோடு இருந்த குருமாரும் தமக்குள் போர்த்துக்கேயத்தை விட்டுத் தமிழிலேயே பேசவேண்டும், மீறினால் தண்டம் என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்ததாகக் குறிப்புண்டு. அதாவது ஒரு வீடு முழுவதையும் மொழிக்காக ஒதுக்கினார்கள். சாப்பாட்டு மேசையிலும் தமிழ். மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1915 இல், அமெரிக்காவின் மிடில்பெரி கல்லூரி கோடைகால மொழிப் பள்ளியைத் தொடங்கியது. கற்கும் மொழியைத் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்று மாணவர் உறுதிமொழி கொடுக்கும் வழக்கம் அங்கே இன்றும் உண்டு. அதைப் புதுமை என்று பேசுகிறார்கள். எங்கள் கரையில் அது பழசு.

கோட்டைக் கல்லூரியும் வட்டுக்கோட்டையும்

தமிழ் கற்பதற்கென்றே அரச பணத்தில் ஒரு கல்லூரி 1812 இல் சென்னையில் தோன்றியது. அதுதான் புனித ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரி. எல்லிஸ் என்ற அதிகாரியின் முயற்சி அது. புதிதாக வந்திறங்கும் ஆங்கிலேய இளம் உத்தியோகத்தருக்குத் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் கற்பிப்பது நோக்கம். அங்கே அச்சகமும் நூலகமும் பண்டிதர்களும் இருந்தார்கள். தாண்டவராய முதலியார் போன்றவர்கள் அங்கே பணியாற்றினார்கள். நுங்கம்பாக்கத்தில் அது இருந்த தெருவுக்குக் கல்லூரிச் சாலை என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 1854 இல் கல்லூரி மூடப்பட்டது.

அதன் அமைப்பில் ஒரு நல்ல அம்சம் உண்டு. கற்பவன், கற்பிப்பவன், புத்தகம், அச்சு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. பாடத்துக்குப் புத்தகம் இல்லையென்றால் அங்கேயே எழுதி அங்கேயே அச்சடிக்கலாம். வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் அப்படித்தான் 1813 இல் அச்சேறியது. இன்னோர் அம்சம் என்னை உறுத்துகிறது. அங்கே மாணவன் ஆளுகிறவன், ஆசிரியர் சம்பளத்துக்கு இருப்பவர். துரையின் பிழையைத் திருத்தும் முன்ஷிக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! கட்டடம் எப்படி இருந்தாலும், யார் யாரைத் திருத்தலாம் என்பதும் அந்த இடத்தின் அமைப்பில் ஒரு பகுதி.

நம் நாட்டில் இதற்குச் சமகாலமான முயற்சி வட்டுக்கோட்டைச் செமினரி. 1823 இல் அமெரிக்க மிஷன் அதைத் தொடங்கியது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பழைய தேவாலய வளவிலேயே பாடசாலையும் விடுதியும் அமைந்தன. டானியல் பூர் முதல் அதிபர். ஆங்கிலமும் தமிழும் அங்கே கற்பிக்கப்பட்டன, விஞ்ஞானமும் கணிதமும் கூட. சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்துப் பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். அங்கே ஒரு பையன் காலையில் எழும்பி இரவு படுக்கும்வரை இரண்டு மொழிகளுக்குள் இருந்தான். வகுப்பறைக்கு வெளியே கிடைத்த மணித்தியாலங்களே அவனை வளர்த்தன என்று சொல்லலாம். 1855 இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்விக்கு இவ்வளவு செலவு தேவையா, தாய்மொழியில் போதாதா என்ற கேள்வி அமெரிக்காவிலிருந்தே வந்தது. நமக்குப் பழக்கமான கேள்விதான்; பிற்காலத்தில் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு நோக்கத்தோடு அதைக் கேட்டார்கள்.

முஸ்லிம்கள் அந்தக் கூடங்களுக்குள் பெருமளவில் போகவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். அது பாதிரிமாரின் வளவு. அந்தத் தயக்கத்தை அறிஞர் சித்திலெப்பை (1838–1898) நன்றாக விளங்கிக்கொண்டிருந்தார். 1892 இல் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா மருதானைப் பள்ளிவாசல் வளவில் தொடங்கப்பட்டதை நான் ஓர் இடத்தேர்வாகவும் பார்க்கிறேன். ஆங்கிலத்தைப் பள்ளிவாசலின் நிழலுக்குள் கொண்டுவந்தார்கள். தொழுகைக்கு வருகிற வாப்பாமார் பிள்ளை படிக்கிற இடத்தைத் தம் கண்ணால் கண்டார்கள். பின்னாளில் ரி. பி. ஜாயாவும், 1948 முதல் 1961 வரை அ. மு. அ. அஸீஸும் அதிபர்களாக இருந்த ஸாஹிறாவில் தமிழும் செழித்தது. ஆங்கிலம் கற்பதால் தமிழோ மார்க்கமோ போய்விடாது என்று சொல்லித் திரிவதைவிட, மூன்றையும் ஒரே முற்றத்தில் காட்டியது பலன் தந்தது.

மலையடிவாரத்துத் திட்டம்

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. அதைப் பேராதனையில் அமைக்கும் திட்டத்தை வரைந்தவர் பற்றிக் அபர்குரொம்பி. கிளிபர்ட் ஹொலிடேயும் உடனிருந்தார். கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் விரும்பியது முழு விடுதிப் பல்கலைக்கழகம். 1952 இல் மாணவர் அங்கே குடிபோனார்கள். அக்காலத்து மாணவருக்கு ஆங்கிலம் ஒரு பாடம் என்பதைவிடச் சாப்பாட்டு மண்டபத்திலும் விடுதி விறாந்தையிலும் புழங்கிய மொழி.

1960 அளவில் கலைப்பீடத்துக்குச் சுயமொழி மாணவர் வந்தார்கள். அது நீதியான மாற்றம். அது நடந்திருக்காவிட்டால் கீரியிலிருந்தோ எருக்கலம்பிட்டியிலிருந்தோ ஒரு பெண்பிள்ளை பட்டதாரியாகும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அந்த மாற்றத்தோடு ஆங்கிலம் குடியிருந்த இடங்களை இழந்து, நேரசூசியில் இரண்டு மணித்தியாலமாகச் சுருங்கியது. விரிவுரைக்கென்று கட்டிய மண்டபங்களுக்குள் மொழி வகுப்பு தள்ளப்பட்டது. விரிவுரை மண்டபத்தின் இலக்கணம் ஒருவர் பேசப் பலர் கேட்பது. மொழி கற்பதற்குத் தேவையானது அதற்கு நேர்மாறு. அறுபது வருடங்கள் கழிந்தும் என் மாணவி அந்தக் கதிரையில்தான் இருக்கிறாள்.

அதே பேராதனையில் ஒரு நல்ல பாடமும் உண்டு. சரிவான நிலத்தில் அமைந்த திறந்தவெளி அரங்கு. பேராசிரியர் சரச்சந்திரவின் பெயர் அதற்கு இன்று வழங்குகிறது. 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றினார். மட்டக்களப்பு அண்ணாவிமாரின் மொழியும் ஆட்டமும் பல்கலைக்கழகத்துக்குள் வந்தன. ஒத்திகைக்கு ஒரு வெளி கிடைத்தால் மாணவர் வாய் திறப்பார்கள். மற்றவனுடைய வேசத்தில் நின்று பேசும்போது பிழைக்கு வெட்கமும் குறைவு.

மொழிக்கூடமும் ஒரு சாவியும்

1957 இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய் 1958 இல் தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பணத்தில் ஊரெல்லாம் மொழிக்கூடங்கள் எழுந்தன. பலகையால் மறைத்த சிறு சிறு அறைகள், காதொலிப்பான், ஒலிநாடா. மாணவன் கேட்டுத் திருப்பிச் சொல்லுவான்; ஆசிரியர் நடு மேசையிலிருந்து யார் குரலையும் ஒற்றுக் கேட்கலாம். உலகெங்கும் இது பரவி நமது வளாகங்களுக்கும் வந்தது. ஒருவகையில் மத்ரஸாவின் இரைச்சல் செய்த வேலையைப் பலகையால் செய்யப் பார்த்தார்கள். பிழை மற்றவருக்குக் கேட்காது. ஆனால் மத்ரஸாவில் முறை வந்ததும் ஒரு மனித முகம் இருந்தது. இங்கே நாடாவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி மாணவர் சலித்துப்போனார்கள். பிரான்ஸின் நான்சி நகரப் பல்கலைக்கழகத்தில் 1969 இல் தோன்றிய ஆய்வு மையம் வேறு வழி காட்டியது. கற்பவர் தானே வந்து, தனக்கு வேண்டியதை எடுத்து, வேண்டும்போது ஓர் ஆலோசகரிடம் கேட்கும் திறந்த இடம். கிட்டத்தட்ட அஸ்ஹரின் தூணடி!

நான் படித்த வளாகத்திலும் மொழிக்கூடம் ஒன்று இருந்தது. நாலு வருடத்தில் இரண்டு தடவை உள்ளே போயிருப்பேன். சாவி ஓர் எழுதுவினைஞரிடம். அவர் லீவு என்றால் கூடமும் லீவு. கருவிகள் பழுதாகிவிடும் என்ற பயத்தில் பூட்டியே வைத்திருந்து கடைசியில் தூசியில் பழுதாக்கினார்கள். நாங்கள் நாலைந்து பேர் விடுதியின் உடுப்புக் காயப்போடும் மொட்டைமாடியில் இருந்து ஒருத்திக்கொருத்தி ஆங்கிலத்தில் கதை சொல்லிப் பழகினோம். கம்பளைப் பிள்ளை ஒருத்தி எங்களுக்குச் சிங்களம் சொல்லித் தந்தாள், நாங்கள் அவளுக்குத் தொல்காப்பியம் வாசிக்கக் கொடுத்தோம். எனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்ச ஆங்கிலமும் சிங்களமும் அந்த மொட்டைமாடி தந்தவை.

அதற்கு முந்திய இடத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்திறங்கினோம். அந்த ஊர்ப் பாடசாலை காலையில் அவர்களுக்கு, பின்னேரம் எங்களுக்கு. வகுப்பறை போதாமல் கிடுகால் ஒரு கொட்டில் போட்டார்கள். நிலம் மணல், கதிரை இல்லை. வட்டமாக இருந்தோம். எங்கள் தமிழ் ஆசிரியர் நடுவில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் தன் ஊரைப் பற்றி ஐந்து வசனம் சொல்லச் சொன்னார். சொன்னவர்களும் அழுதார்கள், கேட்டவர்களும் அழுதார்கள். துன்பத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை; மழை வந்தால் கொப்பி நனைந்துவிடும், அதில் புகழ ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கொட்டிலில் பேசாமல் இருந்த பிள்ளை என்று ஒருத்தரும் இல்லை.

இனி என்ன செய்யலாம்

நமது சமூகம் இப்போது கட்டுகிறது. 1973 இல் பேருவளையில் நளீம் ஹாஜியார் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகி 1996 இல் முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் நிற்கிறது. இஸ்லாமியக் கற்கைகள், அறபு மொழிக்கென அங்கே தனிப் பீடம் உண்டு. ஊரூராக அறபுக் கல்லூரிகளும் பெண்கள் கல்லூரிகளும் எழுகின்றன. கட்டட நிதிக்கு நாம் தாராளமாகக் கொடுப்பவர்கள். எனவே கொடுக்கும்போதே சில விடயங்களைக் கேட்டு வாங்கலாம்.

முதலாவது, கதிரையைப் பூட்டாதீர்கள். நாலு பேர் முகம் பார்த்து இருக்கவும், தேவையானால் வட்டமாக்கவும் தோதான இலேசான கதிரை போதும். இரண்டாவது, ஒலி. மாபிள் தரை, சீமெந்துச் சுவர், கண்ணாடி யன்னல் பார்வைக்கு அழகு. ஆனால் குரல் அவற்றில் பட்டு எதிரொலித்து மெய்யொலிகள் கலங்கிப்போகும். தாய்மொழியில் விட்ட ஒலியை மனம் நிரப்பிக்கொள்ளும். புது மொழியில் அது முடியாது. ஸீனுக்கும் ஸாதுக்கும், லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே தொலைந்துவிடும். தரைக்குப் பாய், யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை, சத்தம் போடாத மின்விசிறி. பெரிய செலவு இல்லை. கிடுகுக் கொட்டிலில் எங்கள் குரல் தெளிவாகக் கேட்டதற்குக் காரணம் இதுதான் என்று இப்போது விளங்குகிறது.

மூன்றாவது, வகுப்பறைக்கு வெளியே ஒரு விறாந்தை, ஒரு மரநிழல், ஒரு சிறு அரங்கு. பள்ளிமுனைப் பெருக்குமரத்தடியில் ஒரு வகுப்பு நடத்தலாம், அவ்வளவு நிழல். நான்காவது, பெண்பிள்ளைகளுக்கு மாலையில் பாதுகாப்பாக இருந்து பேசிப் பழக விடுதிக்குள்ளேயே ஓர் அறை. பெடியன்மார் சந்தியில் நின்று சிங்களம் கற்றுக்கொள்வார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தி இல்லை. ஐந்தாவது, சாவி. அது மாணவர் குழுவின் கையில் இருக்கட்டும். கருவி ஒன்று உடைந்தால் உடையட்டும்.

மாணவி திரும்பிப் போகும் முன் ஒரு யோசனை சொன்னேன். விடுதியில் ஐந்து பேரைச் சேர்த்துக்கொள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அரை மணித்தியாலம், பாய் விரித்து வட்டமாக இருந்து பேசுங்கள் என்றேன். போன கிழமை தொலைபேசியில் சொன்னாள்: "ஏழு பேர் சேந்திட்டம் டீச்சர். ஒரு சிங்களப் பிள்ளையும் வாறா, தமிழ் படிக்க. ஆனா இடம்தான் இல்ல. படிக்கட்டுல இருக்கம், மற்ற ஆக்கள் ஏறி இறங்கேக்க எழும்பி எழும்பி இருக்கம்."